அண்டி ஆபீஸுக்கு சோலார் போடலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கும் ஆலை) இருக்கிறது. மாமனார் நடத்தி வந்ததை மூன்று வருஷமாக நான் பார்க்கிறேன். 60 பெண்கள் வேலை செய்கிறார்கள், ஒரு நாளைக்கு 25 மூட்டை அண்டி ஓடும். மின் பில் மாதம் 5,800 யூனிட், 52,000 ரூபாய் வரை வருகிறது. ஒரு கம்பெனிக்காரர் வந்து, 50 கிலோவாட் சோலார் போட்டால் பில்லே வராது, வங்கிக் கடனும் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார். இன்னொரு பக்கம், பாய்லர் புகையால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எங்களிடம் பருப்பு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களோ, கார்பன் கணக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு ஆறு மாத பில்லையும் மெஷின் பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. அது கையில் இருந்ததால்தான் பொதுவாக ஏதோ சொல்லாமல், உங்கள் ஆபீஸைப் பற்றியே எழுத முடிகிறது.

சோலார் போடலாம். ஆனால் இப்போது வேண்டாம், 50 கிலோவாட்டும் வேண்டாம். எரிசக்தித் தணிக்கைக்காக நான் போகிற இடங்களில் எல்லாம் இதே வரிசைப் பிழையைத்தான் பார்க்கிறேன். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துகிறோம்.

உங்கள் பட்டியலில் ஒரு வரியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன்: “போர்மா ஹீட்டர், 24 கிலோவாட், ராத்திரி 8 மணி நேரம்.” தெர்மோஸ்டாட் இருப்பதால் ஹீட்டர் விட்டுவிட்டுத்தான் எரியும். பத்தில் ஏழு பங்கு நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ராத்திரிக்கு 134 யூனிட். 25 வேலை நாளுக்கு 3,350. உங்கள் பில்லில் பாதிக்கு மேல் அந்த ஒற்றை அறைக்குள் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி பீலிங் மெஷினுக்குக் காற்று தரும் கம்ப்ரஸருக்கு, ஏறக்குறைய 1,500 யூனிட். ஃபேன், லைட், தண்ணீர் மோட்டார், பேக்கிங் எல்லாம் சேர்த்தே ஆயிரத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தத் தொழில் தெரியாத வாசகர்களுக்காக: போர்மா என்பது தோடு உடைத்து எடுத்த முந்திரிப் பருப்பைக் கம்பிவலைத் தட்டுகளில் பரத்தி, 70 டிகிரி சூட்டில் உலர்த்துகிற அறை. பருப்பில் 9 சதவீதம் போல இருக்கிற ஈரம் 4 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அதன் மேல் ஒட்டியிருக்கும் செந்தோல் சுருங்கி விட்டுப்போகும். அதற்குப் பிறகுதான் பீலிங்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மூட்டை, மூட்டைக்கு 80 கிலோ என்றால் 2,000 கிலோ அண்டி. அதில் கால் பங்கு பருப்பு என்றால் 500 கிலோ. 9 சதவீதத்திலிருந்து 4-க்கு வர, அதிலிருந்து வெளியேற வேண்டிய தண்ணீர் 26 லிட்டர். இரண்டு குடம் தண்ணீர், அவ்வளவுதான். பருப்பைச் சூடாக்கி அந்தத் தண்ணீரை ஆவியாக்க உண்மையில் தேவைப்படுவது 28 யூனிட் வெப்பம். நீங்கள் செலவழிப்பது 134. மீதி நூற்றுச் சொச்சம் யூனிட் எங்கே போகிறது?

விளவங்கோடு தாலுகாவில் ஒரு ஆபீஸுக்கு முன்பொரு மார்கழியில் ராத்திரி தணிக்கைக்குப் போயிருந்தேன். போர்மாவின் பின்சுவரை ஒட்டிப் பாய் விரித்து காவல்காரர் படுத்திருந்தார். “இந்தச் சுவரு நல்ல இளஞ்சூடா இருக்கும் சார், பனியே தெரியாது” என்றார். நான் கருவியை எடுப்பதற்கு முன்பே அந்தத் தணிக்கையின் பாதி முடிந்துவிட்டது. மறுபாதி கூரையில் இருந்தது. மேலே இருந்த காற்றுப்போக்கி முழுக்கத் திறந்து கிடந்தது. எப்போது திறந்தது என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை. கதவின் அடியில் என் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

உங்கள் போர்மாவிலும் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்: சுவர், கதவு, காற்றுப்போக்கி. சுவருக்கும் கூரைக்கும் கனிமக் கம்பளி வைத்துத் தகரம் அடிக்கலாம். கதவைச் சுற்றி சூடு தாங்கும் ரப்பர் பட்டி ஒட்டலாம். இரண்டும் உள்ளூர் ஆளே செய்துவிடுவார். காற்றுப்போக்கியை எவ்வளவு திறப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முழுக்க மூடினால் ஈரம் உள்ளேயே சுற்றி, பருப்பு உலராது. முழுக்கத் திறந்தால் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று ஈரத்தை எடுக்காமலே வெளியேறும்.

இதைச் சோதிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாதாரணத் தண்ணீர் நிரப்பி, காற்றுப்போக்கி வாயில் ஒரு நிமிடம் பிடியுங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்தால் வெளியே போகிற காற்று ஈரத்தைச் சுமந்து போகிறது, சரி. வேர்க்காவிட்டால் வெறும் சூட்டைத்தான் வெளியே தள்ளுகிறீர்கள், போக்கியைக் கொஞ்சம் மூடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் ஐஸ் தண்ணீர் டம்ளர் எங்கே வைத்தாலும் வேர்க்கும், ஏமாந்துவிடுவீர்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஈரம் அதிகமாக வரும். அப்போது திறந்து வைத்து, நடுராத்திரிக்குப் பிறகு குறைத்துக்கொண்டே வருவதுதான் முறை. போர்மா பார்க்கிற அண்ணனுக்கு இதை ஒரு முறை செய்து காட்டினால் போதும், அப்புறம் அவரே உங்களைவிடத் துல்லியமாகச் செய்வார்.

ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான். அடிப்படையான கேள்வி வேறு. உங்கள் முற்றத்தில் தினமும் 1,300 கிலோவுக்குக் குறையாமல் அண்டித்தோடு விழுகிறது. அது நல்ல எரிபொருள். அதை எரித்து நீராவி தரும் பாய்லரும் போர்மாவுக்கு இருபது அடி தள்ளித்தான் நிற்கிறது. அப்படியிருக்க, எங்கோ ஒரு அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து, அந்தச் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை வீணாக்கி மின்சாரமாக மாற்றி, கம்பி வழியாகக் கருங்கல் வரை கொண்டுவந்து, அதை மறுபடியும் சூடாக மாற்றுகிறோம். மின்சாரத்தைச் சூடாக்கப் பயன்படுத்துவதுதான் உங்கள் ஆபீஸின் ஒரே பெரிய தவறு. இதை மாற்றினால் மற்றது எல்லாம் சின்ன வேலை.

மாற்றுவது எப்படி? ஹீட்டர் இருக்கும் இடத்தில் நீராவிச் சுருள் ஒன்றைப் பொருத்தி, இப்போதுள்ள ஃபேனையே வைத்து அதன் வழியாகக் காற்றைத் தள்ள வேண்டும். உங்கள் போர்மா இப்போது தின்கிற சூட்டுக்குக்கூட மணிக்கு 30 கிலோ நீராவி போதும். மணிக்கு 300 கிலோ நீராவி தரும் உங்கள் பாய்லருக்கு அது ஒரு சுமையே இல்லை. சுருளில் குளிர்ந்து இறங்கும் தண்ணீர் சுத்தமானது, சூடானது. அதை பாய்லர் தொட்டிக்கே திருப்புங்கள். தொட்டித் தண்ணீரில் ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். அண்டி வேகவைக்கும் குக்கரிலிருந்து வடியும் தண்ணீரை மட்டும் அதில் கலக்கக் கூடாது, அதில் தோட்டு எண்ணெய் இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பாய்லர் ஓடுவது காலையில். தோடு உடைந்து பருப்பு வருவது சாயங்காலம். இதற்கு இரண்டு வழி. ஒன்று, இன்று உடைத்த பருப்பைத் தட்டில் மெல்லிதாகப் பரத்தி வைத்து, நாளைக் காலை வேகவைப்போடு சேர்த்து போர்மா ஏற்றுவது. உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். முதலில் நாலே நாலு தட்டு, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். நிறமும், பீலிங்கில் உடைகிற அளவும் மாறாவிட்டால் தொடருங்கள். மழை நாட்களில் தனியாக ஒரு முறை பாருங்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கோடையில் சரியாக வந்தது அப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. இது ஒத்துவராவிட்டால் இரண்டாவது வழி, சுடுகாற்று அடுப்பு. தோட்டுப் பிண்ணாக்கை (எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் தோட்டை) எரித்து, இரும்புக் குழாய்கள் வழியாகக் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புவது. நெருப்பும் புகையும் குழாய்க்கு ஒரு பக்கம், பருப்புக்குப் போகும் காற்று மறுபக்கம். குழாயில் துளை விழுந்தால் பருப்பில் புகைநாற்றம் ஏறி சரக்கே போய்விடும் என்பதால், வருஷா வருஷம் சோதிக்க வேண்டும்.

செலவைப் பற்றி: எந்த வழியானாலும் மாதம் 3,000 யூனிட்டாவது குறையும். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலே 24,000 ரூபாய். கூடுதலாக எரிக்கப் போகும் தோட்டின் விலையை அதிலிருந்து கழித்துவிட்டு, மீதியால் விலைப்புள்ளியை வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து புகை. நீங்கள் கடிதத்தில் இதை இரண்டாவதாக எழுதியிருந்தாலும் என் மனதில் இது முன்னால் நிற்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீடு அல்ல, அண்டி தல்லுகிற (உடைக்கிற) உங்கள் பெண்கள். பச்சைத் தோட்டில் நாலில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கும், கையில் பட்டால் தோலைப் பொசுக்கும் அதே எண்ணெய். சூடும் காற்றும் போதாத அடுப்பில் அது எரியாமல் ஆவியாகி, கண்ணை எரிக்கும் கறுப்புப் புகையாகப் போகிறது. கறுப்புப் புகை என்றால் எரியாத எரிபொருள் என்றுதான் அர்த்தம். காசுதான் மேலே போகிறது.

பச்சைத் தோட்டை எண்ணெய் ஆலைக்கு விற்றுவிட்டு, எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை வாங்கி எரியுங்கள். பிரேக் லைனிங், பெயின்ட், பிசின் செய்ய அந்த எண்ணெய்க்குத் தேவை இருக்கிறது. நீங்கள் அதை அடுப்பில் போட்டுத் தொலைக்க வேண்டியதில்லை. பிண்ணாக்கும் நன்றாக எரியும், புகை வெகுவாகக் குறையும். அடுப்பில் கூடையோடு கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடச் சொல்லுங்கள். நெருப்புக்கு மேலே காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பாருங்கள். கீழேயிருந்து மட்டும் காற்று வந்தால் மேலே எழும் ஆவி எரியாது. ரப்பர் விறகும் சேர்த்து எரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர்தான், அதை உலர்த்தவே பாய்லரின் சூடு செலவாகும். மழைக்கு முன்பே வாங்கி, ஓட்டுக்கூரைக்கு அடியில் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள்.

பாய்லர் அறையில் இன்னும் சில. நீராவிக் குழாய் மேல் சுற்றியிருந்த உறை கிழிந்து போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு அங்குல மொட்டைக் குழாய், மீட்டருக்கு 300 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியே விடும். மூன்று மீட்டர் குழாய் என்பது ஒரு இஸ்திரிப்பெட்டியை நாள் முழுக்க ஆன் பண்ணி வைத்ததற்குச் சமம். உங்களுடையது 25 மீட்டர். வால்வையும் சேர்த்து மூடச் சொல்லுங்கள், பலரும் குழாயை மட்டும் மூடிவிட்டு வால்வை விட்டுவிடுவார்கள். புகைபோக்கி அடியில் ஒரு வெப்பமானி பொருத்துங்கள். அந்தச் சூடு 22 டிகிரி குறைந்தால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். நாளாக நாளாக அது ஏறிக்கொண்டே போனால் உள்ளே கரியோ உப்புப் படிவோ சேர்கிறது என்று பொருள். 3 மில்லிமீட்டர் கரி 2.5 சதவீதம் கூடுதல் எரிபொருள் கேட்கும். தண்ணீர்ப் பக்கம் 1 மில்லிமீட்டர் உப்புப் படிவு 5 முதல் 8 சதவீதம் வரை கேட்கும். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் வெள்ளை படிகிறதா? அப்படியானால் பாய்லருக்கு மென்னீராக்கி அவசியம்.

கம்ப்ரஸரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதிக்கலாம். பீலிங் மெஷின் எல்லாம் நின்றிருக்க, கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, அழுத்தம் ஏறி அது நின்றதும் கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். யாருமே காற்று எடுக்காதபோது அது மறுபடி ஓடவே கூடாது. 6 நிமிடம் நின்று, 2 நிமிடம் ஓடினால், கால் பங்கு காற்று ஒழுகுகிறது. அது மாதம் 350 யூனிட்டுக்கு மேல். நிசப்தமான ஆபீஸில் ஒழுகல் காதிலேயே கேட்கும், ‘உஸ்’ என்ற சத்தத்தைத் தேடிப் போய், சோப்பு நுரை தடவி இடத்தைக் குறித்துவிடலாம். அழுத்தத்தையும் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம். 1 பார் குறைத்தால் 6 சதவீதமாவது மிச்சம். உங்கள் கம்ப்ரஸர் பாய்லர் அறைக்குள் இருப்பது சரியில்லை, அது உறிஞ்சுகிற காற்று 4 டிகிரி சூடானால் 1 சதவீதம் மின்சாரம் கூடும். இடம் மாற்ற முடியாவிட்டால் வெளியேயிருந்து ஒரு குழாய் வைத்துக் காற்று எடுங்கள்.

ஃபேனும் லைட்டும் எல்லோரும் சொல்வதுதான். 40 சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். பி.எல்.டி.சி. என்கிற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டில் ஓடும். மாதம் 360 யூனிட் மிச்சம். ஒரேயடியாக மாற்ற வேண்டாம், பழையது கெடக் கெட மாற்றுங்கள். கிரேடிங் பகுதியில் மட்டும் வெளிச்சத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அங்கே கண் களைத்தால் பருப்பின் தரம் பிரிப்பது தப்பும், அந்த நஷ்டம் எந்தப் பில்லைவிடவும் பெரிது. கூரையில் நாலைந்து இடத்தில் ஒளிபுகும் ஷீட் போட்டுக் கொடுத்தால் பகலில் லைட்டே வேண்டியிருக்காது.

ஹீட்டரைக் கழற்றிய பிறகு மறக்கக் கூடாத இரண்டு காரியம். இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். 24 கிலோவாட் குறைந்துவிட்டது, எனவே அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் குறைக்கச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத ஹீட்டருக்கு நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற அளவு. ஹீட்டர் இருக்கும்வரை உங்கள் சராசரி நன்றாகத் தெரியும். அது போனதும் மோட்டார்கள் மட்டும்தான் மிஞ்சும், பவர் ஃபேக்டர் இறங்கி பில்லில் அபராதம் வரலாம். அதைத் தூக்கி நிறுத்தும் கபாசிட்டர் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தால் உங்கள் தேவை மாதம் 1,800 யூனிட் போல நிற்கும். நம் ஊரில் 1 கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படிப் பார்த்தால் 15 கிலோவாட் போதும். 50 கிலோவாட் என்று அவர் சொன்னது பொய்யல்ல. 5,800 யூனிட்டை அப்படியே வகுத்தால் அவ்வளவுதான் வரும். ஆனால் அந்த 5,800-ல் பாதியை நீங்கள் வாங்கவே வேண்டியதில்லை. தேவையில்லாத 35 கிலோவாட்டுக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுவானேன்? இன்னொன்றும் பாருங்கள். பேனல் மின்சாரம் தருவது பகலில், உங்கள் போர்மா ஓடுவது ராத்திரி. பகலில் மிஞ்சி வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன விலை கிடைக்கும், ராத்திரி வாங்கும் யூனிட்டுக்கு என்ன விலை என்று உங்கள் இணைப்பு வகைக்கு எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போடும்போது கூரையைப் பற்றி யோசியுங்கள். உங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் துளைக்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, கீழே 60 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபீஸ் அறையின் கான்கிரீட் மாடியிலோ, முற்றத்தில் தனியாக இரும்புத் தூண் நட்டோ போடுங்கள். தாங்கிகள் நன்றாகத் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும், உப்புக்காற்று சாதாரண இரும்பை விட்டுவைக்காது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் எப்படிச் சாய்த்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். எந்தக் காற்று வேகத்துக்குத் தாங்கும் என்று கம்பெனிக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

கார்பன் கணக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதா மாதம் மின் யூனிட், ஜெனரேட்டர் டீசல் லிட்டர், எரித்த தோடும் விறகும் கிலோவில், ஓடிய அண்டி மூட்டை, வந்த பருப்பு கிலோ. இந்த ஐந்தையும் எழுதுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் 1 யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, 1 லிட்டர் டீசலுக்கு சுமார் 2.7 கிலோ என்று பெருக்கிக்கொள்ளலாம். தோடும் விறகும் தாவர எரிபொருள் என்பதால் அவற்றைத் தனித் தலைப்பில் காட்டுவார்கள். போர்மா ஹீட்டர் ஒன்றை எடுத்துவிட்டாலே மாதம் 2.3 டன் குறையும். வாங்குகிறவர்களிடம் காட்ட அது நல்ல எண். ஒரு கிலோ பருப்புக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும் கடைசியில் எழுதி வையுங்கள். சரக்கு ஏறி இறங்கும் மாதங்களில் பில்லைவிட அதுதான் உண்மை பேசும்.

எரிசக்தித் தணிக்கைச் செலவுக்கு மானியம் தருகிற பீஸ் (PEACE) என்ற திட்டம் தமிழ்நாடு அரசிடம் சிறு, குறு தொழில்களுக்கு இருக்கிறது. தணிக்கையில் சொன்னபடி இயந்திரம் மாற்றினால் அதற்கும் ஒரு பங்கு உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். எதையும் வாங்குவதற்கு முன்பே போய்க் கேட்பது நல்லது.

இந்த வாரம் டம்ளர் சோதனையும், ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் சோதனையும் செய்துவிடுங்கள், பைசா செலவில்லை. போர்மாவின் நீளம், அகலம், உயரம், ஒரு ஏற்றத்துக்கு எத்தனை தட்டு, பாய்லரை எத்தனை மணிக்குப் பற்றவைத்து எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். சுருள் எவ்வளவு பெரிதாக வேண்டும், சுருள் செய்து தருகிறவரிடம் என்னவெல்லாம் கேட்டு விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்று அதை வைத்துத் தனியாக எழுதி அனுப்புகிறேன். சோலார்காரரிடம் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.